பஸ் ஸ்டாண்டு வளாகத்தில் கடை எடுக்கப் போகிறீர்களா? ரோட்டு முகமா, உள்சந்தா, மாடியா?

நம் பக்கத்தில் பல ஊர்களில் பழைய பேருந்து நிலையத்தை இடித்துவிட்டுக் கடைகளோடு சேர்த்துப் புது வளாகம் கட்டுகிறார்கள். தினசரி மார்க்கெட்டுக்கும் அதே கதைதான். வேலை முடிகிற நேரத்தில் கடைகளுக்கு ஏலம் வரும், ஊரில் நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் எத்தனை சதுர அடி, டெபாசிட் எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு என்றுதான் பேச்சு ஓடும். இந்த மூன்றும் முக்கியம்தான். ஆனால் கடை ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிக்கிற நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்த ஷட்டருக்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் நடந்து போவார்கள், எதற்காகப் போவார்கள், எந்தத் திசையில் போவார்கள்?

நான் கட்டட பிளான் போட்டுக் கொடுக்கிற வேலை செய்கிறேன். ஏலத்துக்கு முன்னால் பிளானைக் கொண்டுவந்து விரித்து "எந்தக் கடை நல்லா இருக்குமுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. இப்போது என் சித்தப்பா மகன் கேட்கிறான். திருப்பூரிலிருந்து பனியன், டி-சர்ட், நைட்டி, குழந்தைத் துணி எடுத்து வந்து சில்லறைக்கு விற்கப் போகிறான். டெபாசிட்டுக்குப் பாதிப் பணம் வீட்டு நகையை வைத்துத்தான் வர வேண்டும். அவன் கணக்கு எளிமையானது: "ஏனுங்ணா, கீழ ஒரு கடைக்குக் குடுக்கற காசுல மேல ரெண்டு கடையே சேத்தி எடுத்துப் போடலாமுங்களே?" அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு இருக்கிறவர்கள் நிறையப் பேர், நகையை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகங்களையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கடை நன்றாக இருந்தால் ஆள் தானாக வரும் என்று ஒரு நம்பிக்கை நமக்கு இருக்கிறது. பெரிய பெயர் எடுத்த ஜவுளிக்கடைக்கு அது சரி. புதிதாகத் தொடங்குகிறவனுக்குச் சரிவராது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பில் ஹில்லியர் என்ற பேராசிரியர் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து பல வருடம் இதை ஆராய்ந்தார், 1993-ல் வந்த அவர்களுடைய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் பேசப்படுகிறது. அவர்கள் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எந்தத் தெருவில் எவ்வளவு பேர் நடப்பார்கள் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது தெருக்கள் ஒன்றோடொன்று எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான். நிறைய இடங்களுக்குப் போகிற வழியில் எது குறுக்கே விழுகிறதோ அதில் நடமாட்டம் தானாக வரும், நடமாட்டம் இருக்கிற இடத்தைத் தேடிக் கடைகள் வரும், கடைகள் வந்த பிறகு நடமாட்டம் இன்னும் கூடும். அதாவது நடை முன்னால், கடை பின்னால்.

கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியைப் பாருங்கள். உக்கடத்துக்கும் டவுன்ஹாலுக்கும் நடுவில் கிடக்கிற வீதி அது. அங்கே துணி எடுக்க வராதவர்களும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டியிருந்தது. திருப்பூர் காதர்பேட்டை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கம், வெளியூர் வியாபாரி ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்ச் சரக்கு எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஈரோட்டில் பன்னீர்செல்வம் பார்க் பக்கம் ஜவுளிச் சந்தை கூடுவதும் ஊருக்கு நட்டநடுவில்தான், எல்லாத் தடமும் வந்து சேர்கிற இடத்தில். இந்த இடங்களில் கடை போட்டவர்களுக்கு இடமே பாதி வியாபாரம் செய்து கொடுத்திருக்கிறது.

வளாகத்துக்குள்ளும் இதே விதிதான். என்ன வித்தியாசம் என்றால், வீதி நூறு வருடமாக நடந்து நடந்து உருவானது, வளாகத்தின் வழிகளை ஒருவர் மேசையில் உட்கார்ந்து கோடு போட்டு முடிவு செய்கிறார். அந்தக் கோட்டை வாசிக்கத் தெரிந்தால் ஏலத்துக்கு முன்னாலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

சரி, சித்தப்பா மகன் முன்னால் இருக்கிற கடைகளுக்கு வருவோம்.

ரோட்டைப் பார்த்த கடைக்குத்தான் எப்போதும் போட்டி அதிகம், ஏலத்தில் விலையும் அதுவே முதலில் ஏறும். ஆனால் எல்லா ரோடும் ஒன்றல்ல. மனுஷன் சாதாரணமாக நடக்கும்போது வினாடிக்கு 1.3 மீட்டர் போவான். பத்தடி முகப்புள்ள கடையைத் தாண்ட அவனுக்கு இரண்டு வினாடிக்கு மேல் ஆகும், அதற்குள் கண் ஒருமுறை உள்ளே போய் வந்துவிடும். அதே ஆள் பைக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தப் பத்தடியைக் கால் வினாடியில் தாண்டிவிடுவான். போர்டைக்கூடப் படிக்க மாட்டான். நடுவில் தடுப்புச் சுவர் வைத்த ரோடாக இருந்தால் எதிர்ப்பக்கம் போகிறவர்கள் உங்களுக்கு இல்லவே இல்லை, நைட்டி வாங்க யாரும் அரை கிலோமீட்டர் போய் யு-டர்ன் எடுத்து வர மாட்டார்கள். மேம்பாலம் வந்துவிட்டால் பாதி வண்டி தலைக்கு மேலே போய்விடும். ஆகவே ரோட்டு முகம் என்றதும் விழுந்துவிட வேண்டாம். அந்த ரோட்டோரத்தில் நடக்க இடம் இருக்கிறதா, வண்டியை நிறுத்த விடுவார்களா, முன்னால் சாக்கடை மேல் ஸ்லாப் போட்டிருக்கிறார்களா, இல்லை கம்பி வேலி போட்டு மறித்திருக்கிறார்களா என்பதை நேரில் போய்ப் பாருங்கள்.

எந்தப் பக்கம் என்பதும் ரொம்ப முக்கியம். நம் ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் எங்கேயும் நிற்பதில்லை, திரும்பி வரும்போதுதான் நிற்கிறார்கள். பண்ணாரி குண்டம், அந்தியூர் ஆடித் தேர்த் திருவிழா மாதிரி இடங்களில் கடை போடுகிறவர்களைக் கவனித்தால் தெரியும். அனுபவப்பட்டவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற தடத்தில்தான் இடம் பிடிப்பார்கள். போகும்போது கையில் தேங்காய் பழத்தட்டும் மனதில் வேண்டுதலும் இருக்கும், பொம்மைக்கும் வளையலுக்கும் பொரிக்கும் பணம் வெளியே வருவது திரும்பும்போதுதான். பேருந்து நிலையத்துக்கும் அப்படித்தான். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வெளியே ஓடுகிற வழி ஒன்று, சாயந்திரம் ஊருக்குப் போக உள்ளே வருகிற வழி ஒன்று. துணிக்கும் பூவுக்கும் பழத்துக்கும் இரண்டாவது வழிதான் வேண்டும். காலை டீக்கும் பன்னுக்கும் முதல் வழி பரவாயில்லை.

பேருந்து நிற்கிற பக்கத்தைப் பார்த்த கடை என்று ஒன்று இருக்கும். இதில் எந்தப் பஸ் என்று கேட்க வேண்டும். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் போகிற வண்டி அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும், ஆள் வந்ததும் ஏறிவிடுவான், நிற்க மாட்டான். சுற்றுவட்டாரக் கிராமத்துக்குப் போகிற டவுன் பஸ் அப்படி இல்லை. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவர்கள்தான் சுற்றிப் பார்ப்பார்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிந்த அம்மா ஒருவர் பேத்திக்குக் கவுன் விலை கேட்பார், பக்கத்து ஊர்க்காரரிடம் காட்டுவார், துணியை இழுத்துப் பார்ப்பார், வேண்டாம் என்று போய் உட்கார்ந்துவிட்டு ஹாரன் சத்தம் கேட்டதும் ஓடிவந்து வாங்கிக்கொண்டு போவார். இந்த வியாபாரம் விரைவுப் பேருந்து நிற்கிற பக்கம் நடக்காது. ஒரே ஆபத்து, எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்பதைப் பேருந்து நிலையத்தை நடத்துகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அதற்காக இந்தக் கடையை விட வேண்டாம், ஆனால் அதை மட்டும் நம்பி எடுக்கவும் வேண்டாம்.

இனி உள்சந்து. கடைகள் இரண்டு பக்கமும், நடுவில் எட்டடியோ பத்தடியோ வழி. வாடகை ரோட்டு முகத்தைவிடக் குறைவு, மாடியைவிட அதிகம். ரொம்பப் பேர் இதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். உள்சந்தில் நல்லதும் இருக்கிறது, மோசமானதும் இருக்கிறது, இரண்டும் பிளானில் ஒரே மாதிரிதான் தெரியும். பார்க்க வேண்டியது இரு முனையிலும் என்ன இருக்கிறது என்பதை. ஒரு முனையில் பேருந்து நிற்கிற இடம், மறு முனையில் கடைவீதியோ மார்க்கெட்டோ அரசு ஆஸ்பத்திரியோ தாலுகா ஆபீஸோ இருந்தால், அந்தச் சந்து ஊருக்கே குறுக்கு வழியாகிவிடும். கடை இருக்கிறதே என்று யாரும் வர வேண்டியதில்லை, எப்படியும் வருவார்கள்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 1956-ல் சவுத்டேல் என்று ஒரு மால் திறந்தார்கள், முழுக்க மூடிக் குளிர்சாதனம் செய்த மால்களுக்கெல்லாம் முன்னோடி அது. வரைந்தவர் விக்டர் க்ரூயென், ஆஸ்திரியாவில் பிறந்தவர். இரண்டு பெரிய பல்பொருள் கடைகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் சின்னக் கடைகளை வைத்தார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற கூட்டம் சின்னக் கடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். நம் ஊரில் அந்தப் பெரிய கடைகளின் இடத்தில் ஒரு பக்கம் பஸ்ஸும் மறுபக்கம் மார்க்கெட்டும் இருக்கிறது, அவ்வளவுதான். நடுச்சந்தில் இருக்கிற எட்டுக்குப் பத்துக் கடைக்கு அதே லாபம்தான்.

ஒரு முனை சுவரில் முட்டி நின்றால் கதை வேறு. முட்டுச்சந்தின் கடைசிக் கடை, கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைத் தோட்டம் மாதிரி. மேலே தண்ணீர் பெருகி ஓடும்போதும் அங்கே வந்து சேர்கிறதா என்று காத்துக் கிடக்க வேண்டும். வாடகை பாதியாகக் கொடுத்தாலும் சில்லறை வியாபாரத்துக்கு எடுக்காதீர்கள், குடோனுக்கு வேண்டுமானால் எடுங்கள்.

திறந்த சந்து முட்டுச்சந்தாக மாறுவதும் உண்டு, நான் கண்ணால் பார்த்ததுதான். ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு கேட், ஒன்று பேருந்து நிலையத்துக்கு, இன்னொன்று கடைவீதிக்கு. ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு ராத்திரி உள்ளே நிறுத்தியிருந்த வண்டி திருடு போனது. பாதுகாப்புக்கு என்று பின் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள், முதலில் இரவில் மட்டும், பிறகு சாவி வைத்திருந்தவர் வராத நாட்களில் பகலிலும், கடைசியில் திறப்பதே இல்லை என்று ஆனது. பூட்டிய கேட்டின் உள்பக்கம் பைக் நிறுத்த ஆரம்பித்தார்கள். ஊர் வேறு வழியில் சுற்றிப் போகப் பழகிவிட்டது. உள்ளே பனியன் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்கு வந்து உட்கார்ந்து, போகிறவர்களை "வாங்கக்கா, கடை உள்ள இருக்குதுங்க, பாத்துட்டு மட்டும் போங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அவர் கடையில் தொங்கிய டி-சர்ட்டுகளின் தோள்பட்டை மடிப்பில் தூசி கோடாகப் படிந்திருந்தது. பக்கத்துக் கடைகள் ஒவ்வொன்றாக வெங்காய மூட்டையும் அட்டைப்பெட்டியும் அடுக்குகிற இடமாக மாறின. அந்த வரிசையில் தாக்குப்பிடித்தது ஒரு தையல்காரர் கடை மட்டும்தான், அவரைப் பெயர் சொல்லித் தேடி வருவார்கள்.

அதனால் உள்சந்துக் கடை எடுக்கிறவர்கள் இரண்டு கேட்டும் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை ஏலம் விடுகிறவர்களிடம் எழுத்தில் வாங்க வேண்டும். சாவி யாரிடம், காவலாளி உண்டா என்பது வரைக்கும் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் பதில் வராது, அந்த வரிசையில் கடை எடுக்கிற எல்லோரும் சேர்ந்து மனு கொடுத்தால் வரும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லாதது. இந்தக் கேட்டில் நின்று பார்த்தால் அந்தக் கேட் தெரிகிறதா? மறு முனையில் வெளிச்சம் தெரிந்தால் கால் தானாக உள்ளே போகும். நடுவில் ஒரு திருப்பம், ஒரு தூண் கூட்டம், ஒரு மாடிப்படி மறைத்தது என்றால் புது ஆள் தயங்குவான். முக்கியமாகப் பெண்கள், இருட்டிய பிறகு அந்த வழியை விட்டுவிட்டு வெளியே சுற்றிப் போவார்கள், அவர்களைக் குறை சொல்லவே முடியாது. சந்தின் ஒரு முனையில் மதுக்கடை இருந்தால் குடும்பத்தோடு வருகிறவர்களை மறந்துவிடுங்கள்.

லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் இதே சிக்கல் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் நடுவில் இறங்காமல் ஓரமாகவே சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹில்லியர் குழுவினர் ஆராய்ந்து சொன்ன யோசனைகளையும் சேர்த்து, வடக்குப் பக்க ரோட்டை வண்டிகளுக்கு மூடி, நேஷனல் கேலரிக்கு முன்னால் நடுவில் அகலமான படிக்கட்டு ஒன்றைக் கட்டினார்கள். 2003-ல் திறந்தார்கள். சுற்றிப் போனவர்கள் நடுவில் நடக்கத் தொடங்கினார்கள். சதுக்கம் அதேதான், கண்ணுக்குத் தெரிகிற ஒரு நேர் வழிதான் புதிது.

சந்தின் அகலத்தையும் பாருங்கள். பாக்கோ அண்டர்ஹில் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் வாசலுக்குப் பக்கம் வைத்திருந்த டை ஸ்டாண்டைக் கவனித்தார். நின்று பார்க்கிறவர்களைப் பின்னால் போகிற கூட்டம் ஒன்றிரண்டு முறை இடித்தால் அவர்கள் வாங்காமலேயே நகர்ந்துவிடுகிறார்கள். நம் ஊர்ச் சந்தில் ஆறடி வழிக்கு இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் ஆளுக்கு இரண்டடி ஸ்டாண்டை இழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நடமாட்டம் இருக்கும், நிற்க இடம் இருக்காது. துணியைப் பிடித்துப் பார்க்கிற வியாபாரத்துக்கு எட்டடிக்குக் குறைந்த சந்து ஆகாது என்பது என் கருத்து.

மாடிக்கு வருகிறேன், இதில்தான் எங்கள் வீட்டில் சண்டை. மாடிக் கடை விசாலம், வெளிச்சம், காற்று, வாடகை சல்லிசு. ஆனால் தரைத்தளம் 12 அடி உயரம் என்றால் 15 சென்டிமீட்டர் படியாக 24 படி ஏற வேண்டும். கையில் காய்கறிப் பை, இடுப்பில் குழந்தை, மே மாத வெயில். விலை மலிவு என்று மேலே போர்டு வைத்தாலும் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறுகிறவர் யாரும் இல்லை, வாங்கியே தீர வேண்டும் என்று வருகிறவர்தான் ஏறுவார். வில்லியம் வைட் என்பவர் 1970-களில் நியூயார்க் கட்டடங்களின் முன்வெளிகளைக் கேமரா வைத்துப் படம்பிடித்துப் பார்த்து, நடைபாதை மட்டத்தைவிட்டு மேலேயோ கீழேயோ தள்ளிப் போன இடங்களில் கூட்டம் குறைந்துவிடுகிறது என்று கண்டார். அதை 24 படியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தரைத்தளத்துக் கடைக்கும் இது பொருந்தும். மழைத்தண்ணீர் ஏறக்கூடாது என்று மூன்றடி உயர்த்திக் கட்டி ஐந்தாறு படி வைத்துவிடுகிறார்கள். சாய்தளம் இருந்தால், அதுவும் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் ஒழுங்காக இருந்தால், வயதானவர்களும் குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் வரும். பெயருக்கு ஒரு பலகை மாதிரிச் செங்குத்தாகப் போட்டிருந்தால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

மாடி எப்போது சரி என்றால், மேலேயே நேராக வந்து சேர ஒரு வழி இருக்கும்போது. சவுத்டேலில் க்ரூயென் கார் நிறுத்துமிடங்களை இரண்டு மட்டத்தில் அமைத்து, ஒன்றிலிருந்து மேல்தளத்துக்கும் இன்னொன்றிலிருந்து கீழ்த்தளத்துக்கும் நேரே நுழைய வைத்தார். அங்கே மாடி என்பதே இல்லாமல் போனது. நம் ஊரில் மேட்டுப்பகுதியில் கட்டிய வளாகமாக இருந்து, பின்பக்க ரோடு மாடி மட்டத்திலேயே இருந்தால் அந்த மாடிக் கடை தரைத்தளக் கடைதான், யோசிக்காமல் எடுக்கலாம். மற்றபடி டியூஷன் சென்டர், டைப்ரைட்டிங், ஆடிட்டர், போட்டோ ஸ்டூடியோ, பல் டாக்டர் மாதிரித் தேடி வருகிற தொழில்களுக்கு மாடி பொன்னான இடம். போன் நம்பரும் கீழே ஒரு நல்ல போர்டும் போதும். பனியனுக்குப் போதாது.

பைக் ஸ்டாண்டைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. நம் பக்கம் பாதிக்கு மேல் ஆட்கள் வருவது பைக்கிலும் ஸ்கூட்டியிலும்தான். அவர்களுக்கு வளாகத்தின் வாசல் முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச் இல்லை, வண்டியை நிறுத்துகிற இடம்தான் வாசல். ஸ்டாண்டு கீழ்த்தளத்தில் பின்பக்கம் இருந்தால் நடையெல்லாம் பின்பக்கத்திலிருந்து தொடங்கும், முன்முகப்புக் கடைகளைவிடப் பின்பக்கத்துப் படிக்குப் பக்கத்தில் இருக்கிற கடைக்கு ஆள் அதிகம் வரும். பிளானில் ஸ்டாண்டு எங்கே, அதிலிருந்து வெளியே வருகிற படி எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். ஏலத்தில் மற்றவர்கள் இதைக் கவனிக்காததால் நல்ல கடை மலிவாகப் போகிற இடம் இதுதான்.

கழிப்பறைப் பக்கம் நடமாட்டம் அதிகம் என்று ஆசைப்படாதீர்கள். அவசரமாகப் போகிறவர் பார்க்க மாட்டார், திரும்பி வருகிறவரும் நிற்க மாட்டார்.

பழைய கடைவீதியில் தனியார் கட்டடத்தில் கடை எடுப்பதும் ஒரு வழிதான். பகடி என்று கடை கைமாறக் கேட்கிற பணம், அட்வான்ஸ் எல்லாம் அதிகம், கட்டடம் பழசு, வண்டி நிறுத்த இடம் இல்லை. ஆனால் அங்கே நடமாட்டம் எண்ணிப் பார்க்கக் கிடைக்கிறது, வளாகத்தில் அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே தள்ளிக் கொண்டுபோகிறார்கள் என்றால் மட்டும் பழைய வீதியை யோசித்து எடுங்கள், பஸ்ஸை நம்பியிருந்த வீதி ஒரே வருடத்தில் மெலிந்துவிடும்.

எண்ணுவது கஷ்டமான வேலை இல்லை. வளாகம் திறந்திருந்தால் கடை வாசலில் பத்து நிமிடம் நின்று தாண்டுகிறவர்களை எண்ணி ஆறால் பெருக்குங்கள். காலை, மதியம், சாயந்திரம் என்று பிரித்து எண்ணுங்கள். சந்தை நாளில் ஒருமுறை, சாதாரண நாளில் ஒருமுறை. பனியன் கம்பெனி ஆட்கள் நிறைய இருக்கிற ஊர் என்றால் சனிக்கிழமை சம்பளம் கை மாறிய பிறகு, ஞாயிற்றுக்கிழமையும் கட்டாயம் எண்ண வேண்டும். இன்னும் திறக்கவில்லை என்றால் பிளானை விரித்து, கேட், பஸ் நிற்கிற இடம், பைக் ஸ்டாண்டு, படிக்கட்டு, டீக்கடை, பக்கத்து மார்க்கெட் எல்லாவற்றையும் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மற்றதற்குக் குறுக்கான வழியைப் பென்சிலில் கோடு போடுங்கள். எந்த ஷட்டருக்கு முன்னால் கோடுகள் அடர்த்தியாக விழுகிறதோ அதுதான் உங்கள் கடை.

இனி பணக்கணக்கு, பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உள்சந்துக் கடை மாதம் 12,000, ஒரு நாளைக்கு 2,000 பேர் தாண்டுகிறார்கள். மாடியில் 4,000, ஆனால் 200 பேர்தான். மாதம் முழுக்கப் பார்த்தால் சந்தில் ஆயிரம் பேர் தாண்ட 200 ரூபாய் வாடகை, மாடியில் அதே ஆயிரம் பேருக்கு 667 ரூபாய். மலிவு என்று நினைத்த மாடி மூன்று மடங்குக்கு மேல் விலை. மாடியில் இரண்டு கடை எடுத்துச் சேர்த்தாலும் தாண்டுகிற 200 பேர் 400 ஆக மாட்டார்கள், அதே ஆட்கள் கொஞ்சம் பெரிய முகப்பைத் தாண்டுவார்கள், அவ்வளவுதான்.

ஆக சித்தப்பா மகனுக்கு நான் சொல்வது, உள்சந்தில் டவுன் பஸ் பக்கத்திலிருந்து மூன்றாவதாக வருகிற எட்டுக்குப் பத்துக் கடை. முனைக்கடை இல்லை, முனைக்கு ஏலத்தில் வெறி பிடித்துப் போகும். முனையைத் தாண்டி உள்ளே வந்தவன் கொஞ்சம் வேகம் குறைகிற இடம் மூன்றாவது கடைதான், கண்ணும் அங்கேதான் சந்தின் நிழலுக்குப் பழகும். கடை சின்னது, சரக்கு அடுக்க இடம் போதாது என்கிறான். சரக்கை வீட்டில் வைத்துக்கொள், தினமும் பைக்கில் கொண்டுவா. முட்டுச்சந்தில் ஒரு கடையைக் குடோனாக எடுத்துக்கொண்டாலும் மாடியைவிடத் தேவலை.

ஏலத்தில் எது வரைக்கும் போகலாம் என்பதற்கு அவனிடம் ஒரு கணக்குச் சொன்னேன். 2,000 பேரில் நூற்றுக்கு இரண்டு பேர் உள்ளே வந்தால் 40, அதில் பாதிப் பேர் வாங்கினால் 20, ஆளுக்கு 60 ரூபாய் லாபம் நின்றால் ஒரு நாளைக்கு 1,200, மாதம் 36,000. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போனால் கரண்ட் பில்லும் வட்டியும் வீட்டுச் செலவும் தாங்காது. 12,000-ஐத் தாண்டினால் விட்டுவிடச் சொன்னேன், அடுத்த வரிசையில் அதே மூன்றாவது கடைக்குக் கேட்கலாம், அதுவும் போனால் பழைய கடைவீதியில் காலியாகப் போகிற கடை ஒன்றுக்கு ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோம். ஏலத்துக்கு முன்னால் இரண்டு கேட்டுக்கும் நேரம் எழுதி வாங்க வேண்டிய மனுவில் அந்த வரிசைக்குப் போட்டி போடுகிற இன்னும் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.